பெரிய கட்டம்

காலை வெயில் சாப்பாட்டு மேசையின் பாதிவரை வந்திருக்கிறது. அந்தப் பாதியில் அண்ணி புதுத் துணியை விரித்து உள்ளங்கையால் நீவிவிடுகிறாள். பழைய காலத்து அச்சைப் பார்த்து அப்படியே மறுபடி அடித்த துணி. கடையில் இருந்ததே ஒரு மீட்டர்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவள் எனக்குத் தைத்துக் கொடுத்த ஒட்டுப் போர்வையிலும் இதே அச்சு உண்டு. அதில் ஒவ்வொரு துண்டும் தீப்பெட்டி அளவு. இப்போது அவள் சாக்பீஸால் போட்டிருக்கும் கட்டம் ஒரு சாண். "கண்ணு சரியா தெரியலையா அண்ணி?" என்கிறேன். "கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. சின்னத் துண்டுல கோணல் மறைஞ்சிடும், பெருசுல ஊருக்கே தெரியும்" என்கிறாள், குண்டூசியைப் பல்லில் கடித்தபடி. "அப்புறம் எதுக்கு இந்த வம்பு?" "கை எப்படி இருக்குன்னு பார்க்கலாமே." அந்தச் சாக்பீஸ் கோட்டின்மேல் கத்தரிக்கோல் எங்கும் நிற்காமல், ஒரே சீரான சத்தத்தோடு ஓடுகிறது. மூலையில் திரும்பும்போதும் கை தயங்கவில்லை. வெட்டிய சதுரத்தை வெயிலில் தூக்கிப் பிடிக்கிறாள். அலகும் கழுத்தும் விரித்த சிறகுமாக ஒரு பறவை முழுசாக நிற்கிறது. இத்தனை வருடமும் இலை என்று நினைத்து நான் போர்த்திக்கொண்டு தூங்கியது அதன் சிறகைத்தான்.