கட்டுப்படியாகாத கேஷியர்

"அந்தக் கேஷியரம்மாவால நமக்கு எவ்வளவு நஷ்டம்?" கணக்குத் தாளிலிருந்து தலை நிமிராமலே கேட்டார் மேலாளர்.

"இந்த மாசம் மட்டும் மூணு பில் நின்னுபோச்சு சார்," என்றார் உதவியாளர். "பில்லுல பேங்க் அக்கவுண்ட் நம்பர் மாறியிருந்தா, சரக்கு தந்தவங்களுக்கே போன் போட்டுக் கேட்காம பைசா அனுப்ப மாட்டேங்குறாங்க."

"முதலாளி பேர்ல அவசரம்னு மெயில் போட்டுமா?"

"நேரா முதலாளி ரூமுக்கே போய்க் கேட்டுட்டு வந்து, முடியாதுன்னு பதில் போட்டுட்டாங்க. பிடிச்ச பிடியில நிக்குறாங்க."

மேலாளர் பெருமூச்சு விட்டார். "அவங்களுக்கு ஆகிற செலவு ஒரு போன். நமக்கு மூணு பேரோட ஒரு மாச உழைப்பு. கட்டுப்படியாகாது."

தாளில் அந்த அம்மா வேலை செய்யும் கம்பெனியின் பெயரைக் கோடு போட்டு அடித்தார்.

"அடுத்த கம்பெனிக்கு நம்ம போலி பில்லை அனுப்பு. அதுக்கு முன்னாடி, அங்கேயும் இப்படி ஒரு அம்மா இருக்காங்களான்னு விசாரிச்சுக்கோ."