புயலுக்குத் தாங்காத தூண்

"நீ நட்ட தூணு ஒரு புயலுக்குத் தாங்கலையே! என்னய்யா வேலை பாத்திருக்கே?" சரிந்து கிடந்த டிராக்டர் ஷெட்டைக் காட்டி வெல்டரிடம் எகிறினார் விவசாயி.

வெல்டர் குனிந்து, தூண் வளைந்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"சரிண்ணே, தப்பு என்னோடதாவே இருக்கட்டும். கூலி வேண்டாம், நானே கட்டித் தர்றேன்."

"பாத்தியா? கேக்கற விதத்துல கேட்டா எல்லாம் நடக்கும்" என்று மனைவியிடம் மீசையை முறுக்கினார் விவசாயி.

"பக்கத்துக் காட்டு ஓலைக் கொட்டகைகூட அப்படியே நிக்குதேங்க?"

"காத்து வர்ற வாட்டம் அப்படிடீ. உனக்கென்ன தெரியும்?"

நான்கே நாளில் புது ஷெட் எழுந்து நின்றது.

"இனிமே விழாதுல்ல?" என்று மிடுக்காகக் கேட்டார் விவசாயி.

"விழாதுண்ணே. தூணை ரெண்டடி தள்ளி நட்டிருக்கேன். அடுத்த தடவை புயல் ரிவர்ஸ்ல வந்தாலும் இடிக்காது."

சொல்லிவிட்டு, பழைய தூணைத் தூக்கி அவர் முன்னால் போட்டார் வெல்டர். முழங்கால் உயரத்தில் வளைந்திருந்த இடத்தில், டிராக்டரின் சிவப்பு பெயிண்ட் அப்பியிருந்தது.

விவசாயி வானத்தைப் பார்த்தார்.

மனைவி தூணைப் பார்த்தாள், டிராக்டரின் பின்பக்கத்தைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"தம்பி, கூலியைக் கையோட வாங்கிட்டுப் போங்க. புயலே தரும்."