உள்விளக்கு

ஸ்டீரிங்கில் முழங்கால் இடித்ததுமே, காரைக் கெடுத்தவன் யாரென்று பக்கிரிசாமிக்கு விளங்கிவிட்டது. அவர் ஆறடி உயரம். மெக்கானிக் குகனேஸ்வரனோ அவர் தோளுக்கும் எட்டாதவன்.

"குள்ளப் பயலே! சீட்ட முன்னாடி இழுத்து விட்டுட்டு, வயரையும் கெடுத்து வச்சிருக்கே!" என்று சீறியவாறே இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினார்.

ரிங்லெட் ஊருக்கு மேலே, தேயிலைச் சரிவில் மூடுபனி இன்னும் கலையவில்லை. அவர் மனைவி புனிதா கட்டிய கல்யாண மாலைகள் பின்னிருக்கையில் ஈரத்துணிக்குள் காத்திருந்தன. மலையடிவாரத்துத் தாப்பாவில் பத்து மணிக்கு முகூர்த்தம். சாவியைத் திருப்பினால், கார் 'டிக்' என்று ஓர் ஓசையோடு அடங்கிவிட்டது.

"மாலை போய்ச் சேரலன்னா இனிமே யாருங்க எனக்கு ஆர்டர் குடுப்பாங்க?" என்றாள் புனிதா.

"பெரிய கம்பெனி நடத்துற! நூலும் பூவும்! வாய மூடிட்டு நில்லு."

போன் போட்டதும் வந்துவிட்ட குகனேஸ்வரன் சோதனை விளக்கைப் பேட்டரியோடு கோத்தான். அது மங்கலாக எரிந்தது. பிரேக் விளக்கு, சிக்னல் விளக்கு என்று ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கியபோதும் அணையவில்லை. உள்விளக்கின் ஃபியூஸைப் பிடுங்கியதும் அணைந்தது. அவன் காரின் உட்கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"உள்லைட்டு சுவிட்ச் ஆன்லயே இருக்கு, மண்டோரய்யா. ராத்திரி பூரா எரிஞ்சு பேட்டரியக் குடிச்சிருச்சு. யாரோ போட்டு விட்டிருக்காங்க."

முயலிடம் வழி கேட்க நேர்ந்த சிங்கத்தைப் போலப் பக்கிரிசாமி அவனை நோக்கினார். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களை அதட்டியே காலம் கழித்து ஓய்வு பெற்ற மண்டோர் அவர். பிழை தம் வீட்டுப் பக்கம் இருந்ததாக அவருக்கு நினைவே இல்லை.

"யாரோன்னா யாரு? முந்தாநாளு நீதானே உள்ள பூந்து நோண்டினே?"

"முந்தாநாளு நான்தான். நேத்து வண்டி நல்லா ஓடுச்சுல்ல? நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம்..."

"இந்த வீட்டுல என்னத் தவிர யாருக்கு லா கார் தெரியும்? இவளுக்கா? சிக்னல் சுவிட்சையே ரேடியோன்னு நெனைக்கிறவ இவ!"

புனிதா தலை கவிழ்ந்து மாலைகளின் மேல் தண்ணீர் தெளித்தாள்.

"ஸ்குரூ டிரைவரப் பிடிச்சவனெல்லாம் மெக்கானிக்கா? பேசாம லோரில முட்டக்கோஸ் ஏத்தப் போ லா!"

குகனேஸ்வரன் கருவிகளைச் சுருட்டிப் பையில் போட்டான். "கடையில பேட்டரி இருக்கு, கொண்டாந்து மாட்டி விடலாம்னு நெனச்சேன். நீங்களே பாத்துக்குங்க, ஐயா." அவனுடைய மோட்டார் சைக்கிள் பனிக்குள் மறைந்தது.

இனி எஞ்சியிருந்தது ஒரே வழிதான். வீட்டு வாசலில் சிறிது தூரம் சமதளம். அதைத் தாண்டினால் இறக்கம். அதுவரை காரைத் தள்ளிவிட்டால், உருளும்போது கியரைப் போட்டுக் கிளப்பிவிடலாம். பக்கிரிசாமி ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டார். புனிதா பின்னால் போய்த் தள்ளினாள். கார் அசையவில்லை.

"நல்லாத் தள்ளுடி! திங்கிற சோறெல்லாம் எங்க போவுது?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தள்ளினாள். சக்கரம் ஒரு சாண் நகர்ந்து நின்றது.

"உன்ன வச்சுக்கிட்டு ஒரு மண்ணும் ஆவாது" என்று அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்து உதட்டைச் சுழித்தார்.

புனிதா கைகளைச் சேலையில் துடைத்தபடி முன்னால் வந்தாள். அவர் பக்கத்துக் கதவைத் திறந்து குனிந்தாள். இருக்கையை நகர்த்தும் பிடி எங்கே இருக்கிறதென்று அவள் கை தேடவில்லை. நேராக அங்கே போயிற்று.

"அந்தத் தம்பி மேல தப்பில்லங்க. சாயங்காலம் நீங்க டிவி பாக்கறப்போ, லைட்டப் போட்டு இதுல உக்காந்து கியர் பழகுனது நான்தான். நேத்து சீட்டப் பின்னாடி தள்ளவும் லைட்ட அணைக்கவும் மறந்துட்டேன்" என்றாள். "எனக்கும் லைசன்ஸ் வந்தாச்சு. எறங்கித் தள்ளுங்க."