அம்மாவின் தூக்க மாத்திரை

“ரெண்டு தடவை டோஸைக் கூட்டியும் அம்மாவுக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல டாக்டர். இன்னும் கொஞ்சம் ஏத்திக் குடுத்துடுங்க” என்றான் மகன். அம்மாவைக் கவனித்தே களைத்துப்போன முகம். பேச்சுக்கு நடுவில் இரண்டு கொட்டாவி வேறு. பக்கத்து நாற்காலியில் அம்மா பளிச்சென்று உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டினார். “இந்த அளவுக்கு யானையே சுருண்டு படுத்துடும். மாத்திரைய ஒழுங்கா முழுங்குறீங்களாம்மா?”

“இவன்தான் தினமும் தன் கையால உரிச்சுக் குடுக்கறான். பாசக்காரப் பிள்ளை. நானும் ஆசையா சப்பிச் சாப்பிடறேன்.”

“சப்பியா? வாயெல்லாம் கசக்குமே?”

“இல்லையே. ஆரஞ்சு மிட்டாய் மாதிரி நல்லாத்தான் இருக்கு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அது குழந்தைங்க சப்புற சத்து மாத்திரைம்மா. அப்போ நான் எழுதின மாத்திரையெல்லாம் யார் வயித்துக்குப் போகுது?”

கேட்டபடியே மகன் பக்கம் திரும்பினார். மகன் கையில் கார் சாவியோடு மேசைமேல் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

“இந்த லட்சணத்துல இவரா கார் ஓட்டிட்டு வந்தார்?”

“ஆமா டாக்டர். வழியில ரெண்டு தடவை இப்படித்தான் சாஞ்சுட்டான்” என்றாள் அம்மா. “நல்லவேளை, எனக்குத்தான் தூக்கமே வராதே. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டேன்.”