இடுப்புக்கு எது, ஆணிக்கு எது

கிட்ட வந்து உட்காருங்க, சொல்றேன். கல்யாண மண்டபத்தில் பந்தி கவனிக்கிற செண்பகவல்லிக்கு இரண்டு வாக்கி டாக்கி வந்தது, பெரியது ஒன்று, சின்னது ஒன்று. "சோப்புத் துண்டு மாதிரி இருந்துக்கிட்டு நீ என்னத்தைடா பேசப் போறே?" என்று சின்னதைக் கேலி பண்ணிவிட்டு, பெரியது அவள் இடுப்பில் ஏறிக்கொண்டது. சின்னது சமையல்கட்டுக்குப் போனது.

பெரியதின் கனத்தில் புடவைக் கொசுவம் அவிழப் பார்க்க, அவள் அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஓடினாள். "பாயசம் ரெடி!" என்று சின்னது சொன்னதைப் பெரியது தொண்டை கிழியக் கத்தியும், மேளச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பாயசம் இல்லாமலே எழுந்துவிட்டார்கள்.

"இந்தச் செங்கல்லைத் திருப்பி அனுப்பிடறேன்!" என்றாள் செண்பகவல்லி.

"அப்புறம் நான் யாரோட பேசறது, அக்கா? அண்ணன் அடுப்படி ஆணியிலே தொங்கட்டும்" என்ற சின்னது, அடுத்த பந்தியில் அவள் இடுப்பிலிருந்து கூப்பிட்டது: "அண்ணே, ரெண்டு வாளி பாயசம் அனுப்புங்க!"