லாரி முடிச்சு

ஜன்னல் கம்பிக்கும் முருங்கைக் கிளைக்கும் நடுவே ஒரு கொடிக்கயிறு தொய்ந்து கிடந்தது. துணி காயப்போட்டால் வேட்டி நுனி சேற்றில் தோயும்.

ஒருநாள் தெருவில் நின்ற லாரியின் கயிறு மூட்டைகளை இறுக்குவதைக் கொடிக்கயிறு பார்த்தது. நடுவில் ஒரு கண்ணி, அதற்குள் நுனியை நுழைத்து ஓர் இழுப்பு. கயிறு விண்ணென்று நின்றது.

கொடிக்கயிற்றுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்போதே அந்த முடிச்சைத் தானும் போட்டுப் பார்த்தது. வேட்டி ஒரு முழம் மேலே ஏறியது.

"தம்பி, போதும். கிளை முனகுது" என்றது முருங்கை.

"இருங்கண்ணே, இன்னும் ஒரே இழுப்பு. அப்புறம் காக்கா வந்து உட்கார்ந்தாலே டங்குன்னு சத்தம் வரும் பாருங்க."

இழுத்தது. கிளை மடக்கென்று முறிந்தது. வேட்டி, சட்டை, போர்வை எல்லாம் சேற்றில் விழுந்தன.

துணிகளுக்கு அடியிலிருந்து கொடிக்கயிறு கூவியது: "அண்ணே, பார்த்தீங்களா? முடிச்சு அவிழவே இல்ல!"