தண்ணீர் கேட்காத ஆவாரை

வீட்டு முன்னால் புல்தரை கூடாது, வறட்சி தாங்கும் நம்மூர்ச் செடிதான் வைக்க வேண்டும் என்று நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. வீட்டுக்காரர் புல்லைப் பெயர்த்துவிட்டு ஓர் ஆவாரங்கன்று நட்டார்.

சைக்கிள் ட்யூப்பால் கட்டுப்போட்டிருந்த ரப்பர் குழாய்க்கு மனசு விட்டுப்போயிற்று. "புல்லு தினமும் ரெண்டு வேளை என்னைத் தேடும். உனக்கு நான் எதுக்கு?" என்றது.

"வேர் பிடிக்கிற வரைக்கும் நீங்கதான் ஊத்தணும்ணே" என்றது ஆவாரை.

குழாய் ஊற்றியது. வேர் ஆழமாக இறங்கி, செடி மஞ்சளாகப் பூத்தது.

"இனிமே என்னைக் கூப்பிட மாட்டே" என்றது குழாய்.

"கூப்பிடுவேன்ணே. தண்ணிக்கு இல்ல, பேச்சுத்துணைக்கு."

குழாய் யோசித்துப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் புல் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை.

"சரி, இன்னைக்கு என்ன சேதி?" என்றது.